பட்டியலில் இல்லாத வீடு

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் ஓஸ்ட்விக்கில் குளிரைப் பற்றிப் பேசும் தகுதி தனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு என்பது ஆர்டிஸ் மோன்சனின் அபிப்பிராயம். ஊருக்கும் அவளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை அவள் காதுபடச் சொல்லத்தான் ஆளில்லை.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பது என்று ரேடியோக்காரன் பயமுறுத்திய காலைகளில்கூட அவள் வண்டி கிளம்பாமல் நின்றதில்லை. நின்றால் யாரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பது வண்டிக்கே தெரிந்திருக்கும். தொப்பி போடாமல் ஏறிய பிள்ளைகளை அவள் திட்டிய திட்டு அவர்களை விட்டு இன்னும் போகவில்லை. தாடி வைத்து லாரி ஓட்டுகிற ஐம்பது வயது ஆண்கள் மளிகைக் கடையில் அவளைக் கண்டதும் தலையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

பேருந்தை விட்டு இறங்கிய வருஷமே அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு கூட்டம் உண்டு. அக்டோபரில் முதல் பனி விழுந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயில் காயும் அரிசோனாவுக்குப் பறந்துவிடும். ஏப்ரலில் வெயிலில் வறுபட்ட முகத்தோடு திரும்பி வந்து, "இந்த வருஷம் குளிர் ரொம்பவோ?" என்று விசாரிக்கும். ஆறு மாதம் காலியாகக் கிடக்கும் அவர்கள் வீட்டை யார் பார்ப்பது? நடுக்குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றுபோனால் ஒரே நாளில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். வெடித்தால் வீடு பாழ். அப்படிப்பட்ட பதினோரு வீடுகளின் சாவியை ஆர்டிஸ் வாங்கி வைத்துக்கொண்டாள். ஓடுகாலிகள் என்றுதான் அவர்களைச் சொல்வாள். அவர்கள் எதிரிலும் அப்படித்தான் சொல்வாள். அவர்கள் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஏனென்றால் பத்தொன்பது குளிர்காலமாக அவள் பொறுப்பில் ஒரு குழாய்கூட வெடித்ததில்லை.

அவளுடைய ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு வீட்டிலும் தெருவைப் பார்த்த ஜன்னலில் ஒரு மேஜை விளக்கு, அதில் சிவப்பு பல்பு, அதன் ஒயரில் ஒரு சின்னப் பெட்டி. வீட்டுக்குள் சூடு குறைந்தால் பெட்டி தானாக விளக்கை எரியவைக்கும். தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் ஜன்னலில் சிவப்பைப் பார்த்தால் ஆர்டிஸுக்குப் போன் செய்ய வேண்டும். இது போதாதென்று அவளே தினமும் காலையில் பதினோரு வீட்டையும் சுற்றிவருவாள். ஹீட்டரின் புகைக்குழாய் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடுங்குளிரில் அதன் வாயில் உறைபனி படிந்து அடைத்துக்கொள்ளும், அடைத்தால் ஹீட்டர் மூச்சுமுட்டி நின்றுவிடும். அதைத் துடைப்பக் கட்டையால் தட்டிவிடுவாள். சாவிகளுக்குத் தன் பின்னல் கூடையிலிருந்து பதினோரு நிறத்தில் கம்பளி நூல் கட்டி வைத்திருந்தாள். பச்சை பிராட்டன் வீடு, மஞ்சள் மருந்துக் கடைக்காரர் வீடு, இப்படி. சிவப்பு நூலை மட்டும் எதற்கும் கட்டவில்லை. சிவப்பு என்றால் ஆபத்து, அதை வைத்து விளையாடக்கூடாது என்பாள்.

அவளுடைய சொந்த ஜன்னலிலும் ஒரு சிவப்பு பல்பு உண்டு. புதிதாகச் சாவி கொடுக்க வருகிறவர்களுக்குக் காட்ட மாதிரிக்கு வைத்தது. பத்தொன்பது வருஷமாக அது ஒரு தடவைகூட எரிந்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வருஷத்தில் ஐந்து வாரம் ஒரு பெரிய விரோதி வரும். கிறிஸ்துமஸ்தான் அது.

நவம்பர் நாலாவது வியாழன், நன்றி செலுத்தும் நாளுக்கு வான்கோழியைத் தின்று முடித்த கையோடு எங்கள் ஊர் ஏணியைத் தூக்கிவிடும். கூரை, வேலி, மரம், தபால் பெட்டி, எதையும் விடாமல் விளக்கைச் சுற்றுவார்கள். ஜன்னல் இடுக்கை அடைக்க நேரமில்லாதவனுக்குக் கூரைமேல் பிளாஸ்டிக் மானை நிறுத்த மட்டும் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கிடைக்கும். ஆர்டிஸுக்கு எதிர் வீட்டுக்காரன் டுவேன் ராஸ்முசன் இதில் எல்லாரையும் மிஞ்சியவன். ஓய்வு பெற்ற குழாய்க்காரன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். முற்றத்தில் காற்றடைத்த பனிமனிதன் ஒன்றை நிறுத்துவான். பகலில் காற்றுப்போய்த் தரையில் கவிழ்ந்துகிடக்கும் அதைக் குடித்துவிட்டு விழுந்த சித்தப்பாவைப் பார்ப்பதுபோல் ஆர்டிஸ் பார்ப்பாள். அவன் வீட்டில் எத்தனை பல்பு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அதில் பாதி சிவப்பு.

அந்த நவம்பரில் அவள் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். சிவப்பு பல்பை மட்டும் கழற்றிவிடுங்கள்.

"ஊரெல்லாம் சிவப்பா மின்னினா என் விளக்கு எப்படிப்பா தெரியும்?" என்று டுவேனிடம் கேட்டாள்.

ஏணிமேல் நின்றிருந்த டுவேன் கீழே பார்த்தான். "கிறிஸ்துமஸ்ல சிவப்பு இல்லாம எப்படி ஆர்டிஸ்? பச்சைய மட்டும் போட்டா என் வீடு கீரைப் பாத்தி மாதிரி இருக்காதா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம். பொருட்காட்சிக் கக்கூஸ் மாதிரி இருக்கு."

"நீ ஒரு விளக்காவது வெச்சுப் பாரேன். ஒண்ணே ஒண்ணு. தெருவுல உன் வீடு மட்டும் பல்லு விழுந்த வாயாட்டம் இருட்டா இருக்கு."

"நீங்க ஆடறதுக்கெல்லாம் நான் ஆட மாட்டேன். ஒரு நாள் இந்தச் சிவப்புக்காக நீங்க எல்லாரும் வருத்தப்படுவீங்க, பாத்துக்க."

யாரும் ஒரு பல்பைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். "யோசிக்கறோம்" என்பார்கள், ஒரு தட்டு பிஸ்கட் கொடுப்பார்கள். அவள் ஏழு தட்டு பிஸ்கட்டோடு வீடு திரும்பினாள். நியாயம் முழுக்கத் தன் பக்கம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அவள் சொன்னது சரிதான் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் சரியான விஷயத்தைச் சொல்லும்போதுகூட எதிரில் இருப்பவனைத் தப்பு செய்யத் தூண்டும் ஒரு குரல் சிலருக்கு வாய்த்துவிடுகிறது.

டிசம்பர் பாதியில் மகள் ஜோலீன் ஃபார்கோ நகரத்திலிருந்து போன் செய்தாள்.

"இந்த வருஷமாவது வாம்மா. மூணு நாள்தான்."

"குளிர் இறங்கப் போகுதுன்னு ரேடியோவுல சொல்றான். பதினோரு வீடு இருக்கு எனக்கு."

"அதேதான் வருஷா வருஷம் சொல்ற. காலியா கிடக்கற வீட்டோடயெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடற. ஆளு இருக்கற வீட்டுக்கு வரமாட்டேங்கற."

மகளும் திட்டத் தெரிந்தவள்தான், எங்கிருந்து கற்றாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆர்டிஸ், வருகிறேன் என்றாள். சொன்ன பிறகு இரண்டு நாள் தன்மேலேயே கோபமாக இருந்தாள்.

சாவிகளை யாரிடம் விடுவது? ஊரில் குழாயைப் பற்றித் தெரிந்தவன் ஒருவன்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. உதவி கேட்கும்போதும் உத்தரவு போடுகிற முகம்தான் அவளுக்கு. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி சாவிக்கொத்தையும் நான்கு பக்கப் பட்டியலையும் டுவேனின் சாப்பாட்டு மேஜைமேல் போட்டாள். அவன் மனைவி பெவ் அங்கே லெஃப்ஸே சுட்டுக்கொண்டிருந்தாள், சப்பாத்திபோல் மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி. ஆர்டிஸ் எட்டிப் பார்த்து, தடிமனாக இருக்கிறது என்றாள்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் என்னென்ன பாக்கணும்னு வரிசையா எழுதியிருக்கேன்" என்றாள் டுவேனிடம். "புகைக்குழாய தட்டணும். தண்ணி வால்வு மூடியிருக்கான்னு பாக்கணும். நிலவறைக்குப் போயி ஹீட்டர் சத்தத்த காதால கேக்கணும். சும்மா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு வரக்கூடாது."

"நாப்பது வருஷம் இதே வேலைதான் பாத்தேன் ஆர்டிஸ்."

"அதனாலதான் சொல்றேன். உனக்குன்னு ஒரு யோசனை வரும், அதச் செய்வே. பட்டியல்ல இருக்கறத செய். இல்லாதத செய்யாதே. மூளைய உபயோகிக்காதே, புரிஞ்சுதா?"

டுவேன் பக்கங்களைப் புரட்டினான். "உன் வீடு இதுல இல்லையே."

"என் வீட்டுக்கு என்ன?"

"மூணு நாள் பூட்டிக் கிடக்கும். ரேடியோவுல மைனஸ் முப்பத்தஞ்சு நாப்பதுங்கறான். சாவியக் குடுத்துட்டுப் போனா ஒரு எட்டு பாத்துக்கறேன்."

"என் வீட்ட நான் பாத்துக்குவேன்."

"ஃபார்கோவுலேர்ந்தா?"

"டுவேன், பதினோரு வீடு. பதினொண்ணுல ஒண்ணு குறையக்கூடாது. கூடவும் வேண்டாம்."

பெவ் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "மெயின் வால்வயாவது மூடிட்டுப் போங்க" என்றாள்.

"மூணு நாளைக்கா? அது ஓடுகாலிகளுக்கு."

மறுநாள் காலை கிளம்பினாள். என்ஜின் உறையாதிருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைத்திருந்த கார் முதல் திருப்பிலேயே உறுமியது. டிக்கியில் மண்வெட்டி, மணல் மூட்டை, இரண்டு கம்பளி, காபி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சாக்லேட். வழியில் வண்டி பனியில் புதைந்தால் இரண்டு நாள் உயிரோடு இருக்கத் தேவையான எல்லாம் இருந்தன. குளிர் புகாமலிருக்க வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டி விறைப்பாக்கியிருந்தாள். எல்லாம் செய்திருந்தாள். செய்யாதது ஒன்றுதான். தன் வீட்டுப் புகைக்குழாயை அடுத்த மூன்று காலையும் யார் தட்டுவார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஃபார்கோவில் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவள் இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய லெஃப்ஸேயை எண்ணாமல் தின்றாள். காரநீரில் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கிய மீனை மருமகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதைப் பார்த்து, அவன் பரம்பரையையே கேலி செய்தாள். சீட்டாட்டத்தில் எல்லாரையும் தோற்கடித்தாள். பேத்திகள் அவள் தலையில் மினுமினுக்கும் காகிதக் கிரீடம் ஒன்றை வைத்தார்கள். அதை அரைமணி நேரம் கழற்றாமல் இருந்தாள். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஜன்னல் பக்கமே அவள் போகவில்லை.

காலையும் மாலையும் டுவேனுக்குப் போன் மட்டும் தவறவில்லை. பிராட்டன் வீடு? சரி. மஞ்சள்? சரி. பதினொன்றும் சரி. கிறிஸ்துமஸ் அன்று மாலை டுவேன் கடைசியில் கொஞ்சம் இழுத்தான்.

"ஆர்டிஸ், உன் வீட்டப் பத்தி ஒண்ணு. தெருவுல எல்லாரும் பேசிக்கறாங்க. உன் ஜன்னல்ல…"

"என் வீட்ட விடு. பிராட்டன் வீட்டு நிலவறைக்கு இறங்கிப் பாத்தியா, இல்ல மேலேர்ந்தே காத வெச்சியா?"

"இறங்கினேன். ஆனா உன் ஜன்னல்ல…"

"தெரு பேசறத நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? போன வை, கேக் வெட்டறாங்க."

அவன் வைத்துவிட்டான்.

இருபத்தாறாம் தேதி மாலை நான்கு மணிக்கு, சூரியன் விழுகிற நேரத்தில், ஆர்டிஸ் தன் தெருவுக்குள் திரும்பினாள். அவள் வீட்டுக்கு முன்னால் கூட்டம். ஐந்தாறு கார்கள் என்ஜின் ஓட ஓட நின்றிருந்தன. அந்தக் குளிரில் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும், மூக்கு மயிர் கம்பியாகும். அதிலும் பத்துப் பன்னிரண்டு பேர் போர்வை மூட்டைகளாகக் கையில் கோகோ கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். கொண்டாட்டம் என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி எங்கே போகுமோ. ஆர்டிஸ் காரை நிறுத்தி இறங்கினாள். அவர்கள் கைதட்டினார்கள்.

பெவ் முன்னால் வந்தாள். கையில் நீல ரிப்பன் கட்டிய ஒரு பெரிய புகையூட்டிய பன்றித் தொடை. தெருவின் விளக்கு அலங்காரப் போட்டிக்கு நடுவர் அவள்தான். நடுவரின் வீடே ஒவ்வொரு வருஷமும் முதல் பரிசு வாங்குவதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

"இந்த வருஷம் புதுசா ஒரு பரிசு வெச்சோம்" என்றாள் பெவ். "முதல் தடவையா விளக்கு வெச்ச வீட்டுக்கு. முந்தாநேத்து ராத்திரி நாங்க வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிட்டு வரும்போதுதான் பாத்தோம். ஒண்ணே ஒண்ணு, சிவப்பா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு ஆர்டிஸ். நீங்களும் எங்களோட சேந்துட்டீங்களேன்னு."

ஆர்டிஸ் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக எரியாத பல்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. சிவப்பாக, அமைதியாக, பண்டிகைக்கென்றே பிறந்ததுபோல.

முந்தாநாள் இரவு. அப்படியென்றால் இரண்டு நாள்.

அவளுக்குப் புரிய ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. பதினோரு வீட்டுக்கும் பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவலிருந்தவளுக்கு அது என்ன சொல்கிறது என்று தெரியாதா? கூடவே இன்னொன்றும் புரிந்தது. நவம்பரில் அவள் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்திருக்கிறது. ஊரின் சிவப்பில் அவளுடைய சிவப்பு தொலைந்துபோயிருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் போதும், இத்தனை பேர் முகத்திலும் கரியைப் பூசிவிடலாம். ஆனால் அதற்கு, வெடித்தது யார் வீட்டுக் குழாய் என்றும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் பிராட்டன் வந்து சாவியைத் திருப்பிக் கேட்பான். மஞ்சள் கேட்கும், நீலம் கேட்கும். தன் வீட்டையே காப்பாற்றத் தெரியாதவளிடம் யார் வீட்டைக் கொடுப்பார்கள்? ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தப் பதினோரு சாவி வந்து சேருவதால்தான் நவம்பரில் அவள் காலையில் எழுந்திருக்கிறாள்.

"டைமர் போட்டு வெச்சுட்டுப் போனேன்" என்றாள் ஆர்டிஸ். "சும்மா. ஒண்ணுதானே."

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள் பெவ்.

"ஆமா. பரவால்ல."

வாழ்நாளில் அவள் விளக்கு அலங்காரத்தைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. பன்றித் தொடையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள், மூன்று சரணமும். ஒவ்வொரு சரணத்துக்கும் உள்ளே என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவள் மனசில் கணக்குப் போட்டபடி நின்றாள். ஒருவன் மட்டும் பாடவில்லை. டுவேன் ஜன்னலுக்கு அருகில் போய் நின்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடியில உள்பக்கமா பனி பூத்திருக்கு ஆர்டிஸ்" என்றான், மற்றவர்கள் காதில் விழாதபடி.

"பழைய ஜன்னல். அப்படித்தான் இருக்கும்."

"பிளாஸ்டிக் ஒட்டியிருக்கியே."

"டுவேன், வீட்டுக்குப் போ. மூக்கு வெளுத்துப்போச்சு உனக்கு."

அவன் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து போனான். மற்றவர்களும் கலைந்தார்கள். கடைசிக் கார் திரும்பும்வரை அவள் வாசலில் கையசைத்துக்கொண்டு நின்றாள். ஆர்டிஸ் மோன்சன் கையசைக்கிறாளே என்று ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர்கள் கண்ணை நம்பித்தான் பதினோரு வீட்டு ஜன்னலில் விளக்கு வைத்திருக்கிறது.

உள்ளே மூச்சு புகையாக வந்தது. அடுக்களை வாசலில் கால் வழுக்கி நிலையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், வெளிச்சுவரை ஒட்டிப் போன குழாய் பிளந்து, தண்ணீர் பீறிட்டுத் தரையெல்லாம் ஓடி, ஓடியபடியே உறைந்திருந்தது. அலமாரிக் கதவைப் பனிக்கட்டி பிதுக்கித் திறந்திருந்தது. மேஜைமேல் அவள் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன காபி கல்லாகியிருந்தது. பின்னல் கூடை தரையில் இருந்தது. அதன் அடிப்பாகம் பனிக்குள் புதைந்து, நூலுருண்டைகள் மட்டும் மேலே தெரிந்தன.

அழுகை வந்தது. அதற்கு இடம் கொடுக்க நேரமில்லை. நிலவறைக்கு இறங்கி மெயின் வால்வை மூடினாள். மூன்று நாளைக்கா என்று கேட்டோமே என்ற நினைப்பு, வால்வைத் திருகும்போது கையில் சுருக்கென்றது. வெளியே போய்ப் புகைக்குழாயைத் துடைப்பக் கட்டையால் தட்டினாள். வாயை அடைத்திருந்த பனி ஒரு கட்டையாக விழுந்தது. ஒரே தட்டுதான். தினம் காலையில் பதினோரு வீட்டில் தட்டுகிற அதே ஒரு தட்டு. ஹீட்டர் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. இனி வீடு சூடாகும், பனி இளகும், இன்னும் எங்கெங்கே பிளந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒழுகும். குழாய்க்காரன் உடனே வேண்டும்.

பக்கத்து ஊர்க் குழாய்க்காரனுக்குப் போன் செய்தாள். பதிவு செய்த குரல் பண்டிகை வாழ்த்துச் சொல்லி, பின்னணியில் மணியடித்து, திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னது. அந்தக் குரலை அவள் ஒரு நிமிஷம் முழுக்கத் திட்டினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். டுவேனின் பனிமனிதன் காற்று நிரம்பி, நிமிர்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கதவைத் தட்டத் தேவையிருக்கவில்லை. டுவேன் பூட்ஸ் மாட்டி, கையுறை போட்டு, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து அவள் பின்னால் நடந்தான்.

இரண்டு மணி நேரம் வேலை செய்தான். தொட்டிக்கடியில் படுத்து, பிளந்த குழாயை அறுத்து, புதுத்துண்டு வைத்துப் பற்றவைத்தான். குளியலறைச் சுவரில் இன்னொரு பிளவைக் கண்டுபிடித்தான். ஆர்டிஸ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை கேலி பேசினால் போதும், திருப்பிக் கொடுக்க அவளிடம் பத்து வார்த்தை தயாராக இருந்தது. நவம்பரில் என்ன சொன்னேன், ஏணிமேல் நின்றுகொண்டு கீரைப் பாத்தி என்றாயே, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவனோ கருவியைக் கேட்க மட்டுமே வாயைத் திறந்தான். அந்த மரியாதை அவளைக் கொன்றது.

"ஏதாவது சொல்லித் தொலையேன்" என்றாள் கடைசியில்.

"என்ன சொல்றது?"

"முந்தாநாளே பாத்திருக்கே. நாப்பது வருஷம் குழாய் வேலை பாத்தவன். இவங்க எல்லாரும் முட்டாளுங்க, விடு. உனக்குமா தெரியல?"

டுவேன் தொட்டிக்கடியிலிருந்து தலையை வெளியே இழுத்தான். கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த அவளுடைய பட்டியலை எடுத்து, தரையில் வைத்து, விரலால் தட்டினான்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. போன்ல ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். கேக் வெட்டறாங்கன்னே. பட்டியல்ல இல்லாதத செய்யாதேன்னே. மூளைய உபயோகிக்காதேன்னே." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கதவ உடைச்சிருக்கலாம். உடைச்சு, உள்ளே வெறும் டைமரா இருந்திருந்தா நீ என்ன உயிரோட விட்டிருப்பியா? சாவி இருந்தா சத்தமில்லாம பாத்துட்டு வந்திருப்பேன். இந்த ஊருல உன் வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு ஆர்டிஸ்?"

யாரிடமும் இல்லை. ஜோலீனிடம்கூட இல்லை. பதினோரு பேர் வீட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவளுக்கு, தன் வீட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி வைக்க வேண்டும் என்று கணவன் வாலஸ் செத்துப்போன பிறகு ஒரு நாளும் தோன்றியதில்லை. யார் வரப்போகிறார்கள் என்றுதான் இருந்தது.

டுவேன் கருவிகளைப் பையில் போட்டான். சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். பதினோரு நிறமும் விளக்கு வெளிச்சத்தில் கொசகொசவென்று கிடந்தன.

"பதினொண்ணும் நல்லாருக்கு. எண்ணிக்க" என்றான். "நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லப்போறதில்ல. பெவ் கிட்டயும் இல்ல. டைமர்னா டைமர்தான்."

ஆர்டிஸ் கொத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, அதில் தொங்கிய தன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு இரும்புக் கடையில ஒண்ணு வெட்டிட்டு இதத் திருப்பிக் குடு. வெட்டினத நீயே வெச்சுக்க. பத்திரம், உங்க வீட்டுல எதையும் எடுத்த எடத்துல வைக்கற பழக்கம் கிடையாது."

டுவேன் சாவியை வாங்கி உள்ளங்கையில் புரட்டினான். குனிந்து, பனிக்குள் பாதி புதைந்து கிடந்த பின்னல் கூடையைப் பார்த்தான்.

"இதுக்கு எந்தக் கலர் நூல் கட்டறது? எல்லாக் கலரும் குடுத்துட்டே. மிச்சம் சிவப்பு ஒண்ணுதான் இருக்கு."

ஆர்டிஸ் டார்ச்சை அணைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். அறை சூடாகிவிட்டிருந்தது, அந்த பல்பு எப்போது அணைந்தது என்று அவள் கவனிக்கவில்லை. எதிர் வீட்டு வெளிச்சம் மட்டும் கண்ணாடிப் பனியில் பட்டுச் சிவப்பும் பச்சையுமாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"கட்டித் தொலை" என்றாள்.